அடைத்த ஓட்டை

நெய்யாற்றின்கரைக் கடவில் மரச்சீனிக் கிழங்குச் சுமையோடு தோணிக்குக் காத்து நின்ற ஒருவர் தன் தம்பியிடம் எரிந்து விழுந்தார்.

"எனக்க வள்ளத்துல ஓட்டை போட்டது நானாக்கும்!"

பக்கத்தில் நின்ற நான் சொந்த உழைப்பில் மூன்று வள்ளம் வாங்கியவன். காது தானாக அங்கே போயிற்று.

"கரையேத்தி வச்ச வள்ளம், பலகை மாத்தி முடிக்குத வரைக்கும் மழைத்தண்ணி வடியட்டும்னு போட்டேன். அதை எதுக்குலே அடைச்சே?"

"ஒரு உதவியா இருக்கட்டும்னு அண்ணே..."

"உதவி! ஒரே மழையில வள்ளம் கொளமாட்டு நிக்குது. புதுப்பலகை காயாம எண்ணெய் பூச முடியுமா? ஓணச்சந்தைக்கு மொத்த மரச்சீனியையும் இனி தலையில சொமக்கணும்."

"நான் அடைச்ச இடம் ஒழுகுதாண்ணே?"

"ஒரு சொட்டு ஒழுகல்ல. ஒழுகியிருந்தா நான் தப்பிச்சிருப்பேனே, மக்கா!"