பெயர் போடாத புகார்

– இன்னும் பத்து நிமிஷத்துல விசாரணைக்கு உள்ள கூப்பிட்டுடுவாங்கடி. அந்த நிழல் சமாச்சாரத்தை மறுபடி சொல்லு.

– இங்க பாருக்கா, முதல்ல கையைப் பிசையாத. வேலைக்குச் சேரும்போது எடுத்த குணப் பரிசோதனை ரிப்போர்ட்ல மேல போட்டிருக்கறது உன் முதன்மை இயல்பு. அடுத்தவங்க மனசறிஞ்சு பேசறது. யோசிக்காமலே உனக்கு வரும்.

– அதுக்குத்தானே அவசர உதவி போன் எடுக்கற வேலையில போட்டாங்க.

– அடியில இருக்கறது நிழல். ஈவிரக்கம் பார்க்காம கட்டளை போடற புத்தி. நெருக்கடியில சட்டுனு எட்டிப் பார்க்கும்.

– எட்டிப் பார்க்கலடி. நாற்காலி போட்டு உட்கார்ந்துடுச்சு. பொண்டாட்டி மூச்சில்லாம கிடக்கறான்னு ஒரு மனுஷன் கதறுறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘நீங்க அழுதா அவங்க செத்துடுவாங்க. வாயை மூடிட்டு நெஞ்சை அழுத்துங்க.’

– அழுத்தினாருல்ல? அந்தம்மா பிழைச்சு வீட்டுக்கே போயாச்சு. உன் நிழல்தான்கா காப்பாத்துச்சு.

– என்னமோ போ. அதுக்கப்புறம் அது போகவே இல்லையே.

– சரி, புகார் குடுத்தது யாரு? அந்த மனுஷனா?

– அவரு போன் பண்ணி நன்றி சொன்னாருடி.

– அப்ப உன் மேலதிகாரி. அந்தாளுக்கு எப்பவும் உன்னைக் கண்டா ஆகாது.

– அவரு அந்த போன் பதிவைக் கேட்கவே இல்ல. யாரோ பேர் போடாம எழுதி, புகார்ப் பெட்டியில போட்டிருக்காங்க.

– பேரில்லாத புகாருக்கா இவ்வளவு விசாரணை? இங்க பாரு, நெருக்கடியில அப்படித்தான் வரும்னு உள்ள தைரியமா சொல்லு. வேலை போகாது.

– போனாலும் போகட்டும்டி.

– பைத்தியமா உனக்கு? வீட்டுக் கடனை யாரு கட்டறது?

– போன வாரம் பாப்பா முழங்காலைப் பேத்துக்கிட்டு அழுதுட்டே ஓடி வந்தா. வாரி எடுக்கத்தான் கை நீட்டினேன். வாயில அந்தக் குரல் வந்துச்சு. ‘வாயை மூடு.’ அப்படியே நிறுத்திட்டா. ‘இனிமே அழமாட்டேன்மா’ன்னு பின்னாடி பின்னாடி போறா.

– அக்கா...

– அன்னிக்கு டூட்டிக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து, அந்தப் புகாரை நானே எழுதிப் போட்டேன்.