வல்லத்திராக்கோட்டை வளைவில் வண்டி வழுக்கியது பற்றி ஞானமணி சொன்னது

பெயர் ஞானமணி, தகப்பனார் பெயர் செபமாலை, வயது 31, தொழில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, குடியிருப்பு புதுக்கோட்டை டவுன் மார்த்தாண்டபுரம். 1962ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 17ஆம் தேதி, யாரும் அழைக்காமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்து சப் இன்ஸ்பெக்டர் முன்பாகச் சொல்வது.

நான் மேற்படி விலாசத்தில் என் அண்ணன் மரியசெல்வத்துடன் குடியிருந்து வருகிறேன். அண்ணன் சிங்கப்பூரில் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கார் ஒன்றைப் பூட்டாத பாகங்களாகப் பெட்டிகளில் கட்டிக் கப்பலில் கொண்டுவந்தான். குழாய்ச் சட்டமும் அலுமினியத் தகடுமாக, நாலு ஆள் சேர்ந்தால் தூக்கி நகர்த்தும் அளவுக்கு எடை குறைந்த வண்டி. அதன் பிறகு பஸ் முதலாளி ரெங்கசாமியின் ஷெட்டில் அண்ணனுக்குப் போர்மேன் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு மூலையில் வைத்து நாங்கள் இருவரும் பாகங்களைச் சேர்த்து வண்டியைப் பூட்டினோம். நான் பூட்டினேன் என்று சொன்னபோது ஏட்டு சிரித்தார். நானும் பூட்டினேன் என்பதை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு டயருக்காகத்தான் அதிகம் அலைந்தோம். வல்லத்திராக்கோட்டைக் கண்மாய்க் கரை வளைவில் ஒவ்வொரு டயராகப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். கடைசியில் பக்கவாட்டு மெல்லியதும் ரப்பர் இளகினதுமான டயர் மெட்ராஸில் கிடைத்து, காற்றையும் குறைத்து அடைத்த பிறகு, மழை ஈரத்திலும் வண்டி அந்த வளைவில் கோடு போட்ட மாதிரி திரும்பியது. நானே ஓட்டியிருக்கிறேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது.

14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ஷெட்டுக்குப் போனபோது, வண்டியில் எங்கள் டயர்கள் இல்லை. சரக்கு வேனுக்குப் போடுகிற கெட்டி டயர் நாலும் மாட்டி, காற்றும் கல் மாதிரி அடைத்திருந்தார்கள். காரைக்குடியிலிருந்து சினேகிதர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ஓட்டிக் காட்டப் போகிறேன் என்று ரெங்கசாமி சொன்னார். டயரை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"அது சைக்கிள் டயராட்டம் இருக்கு டீச்சர். பாக்குறவன் சிரிப்பான். இது எங்கிட்டு வேணாலும் ஓடும்" என்றார்.

"பாரம் ஏறினாத்தாங்க அந்த டயர் படிஞ்சு ரோட்டப் பிடிக்கும். இந்த வண்டியில பாரமே இல்லை. வளைவுல வழுக்கிரும்" என்றேன்.

"கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல போடுங்க" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணனும் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவர் கேட்காமல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டபடியால், மெதுவாகப் போகச் சொல்லவாவது பக்கத்தில் ஆள் வேண்டும் என்று இடதுபக்கம் ஏறிக்கொண்டான். அதன் பிறகு முதலாளியின் ஜீப்பில் டிரைவர் வீரய்யா ஓட்ட, நான் முன்சீட்டில் இருந்து பின்னாலேயே போனேன். சினேகிதர்கள் வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் காத்திருந்ததாகத் தெரிந்தது.

காலைத் தூறலில் ரோடு நனைந்திருந்தது. கண்மாய்க் கரை வளைவில் ரெங்கசாமி வேகத்தைக் குறைக்கவில்லை. முன்சக்கரங்கள் திரும்பியதை நான் பார்த்தேன். சக்கரம் திரும்பியதே தவிர வண்டி திரும்பவில்லை. நேராகவே வழுக்கிக்கொண்டு போய்க் கரையில் இறங்கி, இடதுபக்கமாகச் சாய்ந்து பனைமரத்தில் மோதி நின்றது. ரெங்கசாமி வலதுபக்கமாக வெளியே வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நின்றார். என் அண்ணன் வண்டிக்கு அடியில் கிடந்தான். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் என்கிற அம்மாள் எனக்கு முன்பே ஓடிவந்து தகட்டைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிக்கொண்டே ரெங்கசாமியைப் பார்த்து, "ஓட்டுன மவராசன் நீங்க எந்திரிச்சு நிக்கிறீங்க, அடியில கெடக்குற ஆளத் தூக்க வாங்கய்யா" என்று சத்தம் போட்டாள். அவர் வரவில்லை. "அங்கிட்டு வாடா" என்று வீரய்யாவைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினார். அதன் பிறகுதான் வீரய்யா வந்து கைகொடுத்து, மூவரும் அண்ணனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று சாயங்காலம் அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள், என் அண்ணன் முதலாளிக்குத் தெரியாமல் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்துக் கண்மண் தெரியாமல் ஓட்டியதாகவும், எடையில்லாத விளையாட்டுச் சாமானாக இருந்தபடியால் அது தானாகக் கவிழ்ந்ததாகவும் பிராது கொடுக்கப்பட்டிருப்பதை அறிந்தேன். ரெங்கசாமி ஷெட்டில் இருந்ததாகச் சொல்கிறாராம். முன்னால் போன வண்டியைக் கவனிக்கவில்லை என்று வீரய்யா சொல்கிறாராம். முன்னால் போகிற வண்டியைக் கவனிக்காமல் ஜீப் ஓட்டும் டிரைவர் ஒருவர் உண்டா என்று நான் கேட்கிறேன். பிச்சையம்மாளை இதுவரை யாரும் விசாரிக்கவுமில்லை.

நேற்று அண்ணனுக்கு நினைவு தெளிந்தது. பிராதைப் பற்றிச் சொன்னேன். அவன், "நான்தான் ஓட்டுனேன்னு சொல்லிட்டுப் போறாரு, போகட்டும் மணி. அவரு கிட்டதான் இனியும் வேலை பாக்கணும். நம்ம வண்டி ரோட்டப் பிடிக்கலைன்னு மட்டும் எழுதவிடாத" என்றான். இரண்டையும் எழுதவிட மாட்டேன் என்று சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒற்றைக் காலோடு இருக்கிறவனுக்கு அவர் வேலை கொடுப்பார் என்று அவன் நம்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டி இப்போது ஸ்டேஷன் வளாகத்தில் வேன் டயர்களோடு நிற்கிறது. சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு போக ஷெட்டிலிருந்து நேற்று இரண்டு ஆள் வந்ததாகப் பாரா போலீஸ்காரர் சொன்னார். திருச்சியிலிருந்து மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை அவற்றை யாரும் தொடக் கூடாது. அதுவரை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இதை ஏட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். ரெங்கசாமி ஓட்டியதாகத் தெரிகிறது என்று முதலில் எழுதியிருந்தது. ரெங்கசாமி ஓட்டியதை நான் பார்த்தேன் என்று மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். மாற்றினார்கள். நான் சொன்னது இதுதான், சொன்ன அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) செ. ஞானமணி