ஹத்சு, ஒண்ணு, சரி!

மாலை நாலரை மணி. நவம்பர் முதல் வாரம். நம் வடக்குப் பக்கத்தில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். டிக்கெட் அறையிலிருந்து கரடி வீடு வரைக்கும் மேட்டுப் பாதை, இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள்... பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போயாயிற்று. அந்தப் பாதையில் ஒரே ஓர் ஆள் ஏறிக்கொண்டிருக்கிறார். பெயர் இவாவோ. கரடிக் காப்பாளர். என் சிநேகிதி சிசூருவின் கூடப்பிறந்த அண்ணன்.

இது நம் மிருகக்காட்சிப் பூங்கா இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்னப் பூங்கா. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

"அக்கா, நாளைக்குக் காலையில எனக்குத்தான் கரடி வேலை. இன்னிக்குப் பாத்து இதைச் சொல்லணுமா?" என்றான் புதுசாக வேலைக்குச் சேர்ந்த தகுமா, அடியில் கணப்பு வைத்த மேசையின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு.

"உனக்காகத்தான்டா சொல்றேன். வாயை மூடிக்கிட்டுக் கேளு. ஆரஞ்சுத் தோலை என் பக்கம் தள்ளாதே."

நீங்கள் எல்லாரும் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றாலும், நம் எண்ணிக்கை முறை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் மிருகத்தை உள்ளறைக்கு விட்டதும் விரலை நீட்டிக் காட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கரடி, ஒண்ணு, சரி! பூட்டு, சரி! தண்ணி, சரி! கண் பார்க்க, விரல் காட்ட, வாய் சொல்ல... தப்பே நடக்காது என்பார்கள். நடக்கும். முப்பத்தைந்து வருஷம் சொல்லிப் பழகிய வாய், கண்ணைக் கேட்காமலே சொல்லிவிடும்.

அப்படித்தான் ஆனது. ஆகஸ்டு பதின்மூன்று. செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வருகிற ஓபோன் பண்டிகை. இவாவோ ஊருக்குப் போய் அப்பா அம்மாவுக்காக வாசலில் நெருப்பு மூட்ட வேண்டும், பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும். முற்றத்தில் சிமெண்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் கரடி உள்ளறையிலேயே அடைபட்டிருந்தது. காலையில் கழுவும்போது மூடிய தண்ணீர்க் குழாயை அவர் திறக்கவில்லை. மின்விசிறியையும் போடவில்லை. விரலை நீட்டினார். தண்ணி, சரி என்றார். ஓடினார்.

"நீங்க போயிட்டு வாங்க இவாவோ-சான், மூணு நாளும் நானே பாத்துக்கறேன்," என்று பூங்கா இயக்குநர் மிசாவா சொல்லியிருந்தார். ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. கோல்ஃப் விளையாடப் போய்விட்டார், மகராசன்.

பதினாறாம் தேதி இவாவோ கதவைத் திறந்தார். தகரக் கூரை... முகத்தில் அனல் அடித்தது. காலித் தொட்டிக்குள் தலையை வைத்தபடி ஹத்சு கிடந்தாள். நாக்கு கிழிந்திருந்தது. வெறும் இரும்பை நக்கி நக்கி.

ஹத்சு யார் தெரியுமா? தாயைச் சுட்ட பிறகு காட்டிலிருந்து தூக்கி வந்த குட்டி. இவாவோ தன் வீட்டில் வைத்துப் பால்புட்டியில் வளர்த்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எங்கே இருந்தாலும் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷம் அவரை நம்பி இருந்தவள்.

மிருகம் செத்தால் வாசல் பலகையில் செய்தி ஒட்டுவோம். கூண்டுக்கு முன்னால் படம் வைத்து, பூ வைக்க ஒரு மேசை போடுவோம். செப்டம்பரில் நினைவுக்கல் முன்னால் அந்த வருஷம் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஊதுபத்தி ஏற்றுவோம். வெள்ளெலிக்குக்கூட உண்டு. ஹத்சுவுக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் ஹத்சு சாகவே இல்லை என்று அந்த இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

"விஷயம் வெளிய போச்சுன்னா நகராட்சி பூங்காவையே இழுத்து மூடிடும். உங்களுக்கு மார்ச்ல ஓய்வு. மரியாதையா வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார் மிசாவா.

அந்த வாரம் மலையடிவாரத்து இரும்புப் பொறியில் ஒரு கரடி சிக்கியிருந்தது. சோளக்கொல்லையை நாசம் செய்தது, எப்படியும் சுடப்போகிறார்கள். அதே உருவம், அதே வயது. மிசாவா வேட்டைக்காரரிடம் பேசி விடிவதற்குள் அதைக் கொண்டுவந்து ஹத்சுவின் அறையில் விட்டார். ஹத்சுவை எருக்குழிக்குப் பின்னால் புதைத்தார்கள். நெஞ்சில் இருக்கிற வெள்ளைப் பிறை வேறு மாதிரி இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். 'முடி உதிர்கிற காலம்' என்று பலகையில் எழுதி ஒட்டினார்கள்.

செப்டம்பரில் பதினான்கு பெயர்கள் வாசிக்கப்பட்டன. இவாவோவும் கை கூப்பி நின்றார். எப்படித்தான் நின்றாரோ!

அன்று சாயங்காலம்தான் ஆரம்பித்தது. மற்ற காப்பாளர்கள் காதில் விழ வேண்டும் என்று அவர் சத்தமாகவே சொல்வார். ஹத்சு, ஒண்ணு, சரி! காட்டுக் கரடி அந்தப் பெயருக்கு ஒரு நாளும் திரும்பியதில்லை. அதற்கு அது பெயரே இல்லையே. ஆனால் அன்று, ஆள் இல்லாத பக்கத்து அறையிலிருந்து...

ஸ்ரக்... ஸ்ரக்... ஸ்ரக்...

காய்ந்த நாக்கு இரும்பில் உரசுகிற சத்தம். கூடவே ஒரு வாடை. வெயிலில் காய்ந்த தகரமும் புளித்துப்போன ரோமமும் கலந்த வாடை. வெளியே பனி கொட்டத் தொடங்கிய பிறகும் அந்த வாடை போகவில்லை. தினமும், அந்தப் பெயரைச் சொன்ன உடனே வந்தது.

ஒரு நாள் குடித்துவிட்டுச் சிசூருவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அண்ணா, நாளைக்கே எல்லார் முன்னாலயும் சொல்லிடு. பேரைச் சொல்லி மன்னிப்புக் கேளு, ஊதுபத்தி வை. தினமும் நீதானே அவளைக் கூப்பிடுற? கூப்பிட்டா வராம என்ன செய்வா?"

"நாலு மாசம் பொறு சிசூரு. ஓய்வு வாங்கினதும் சொல்லிடறேன்."

"நான் பொறுப்பேன். அவ பொறுக்கணுமே!"

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

இப்போது அந்த நவம்பர் மாலைக்கு வாருங்கள். இவாவோ கரடி வீட்டுக்குள் நுழைந்தார். முற்றத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கிற கதவைச் சங்கிலி பிடித்துத் தூக்கினார். ஆப்பிள் போட்டார். காத்திருந்தார். இரும்புக் கதவில் இருக்கிற சின்னத் துளை வழியாக உள்ளறையைப் பார்த்தார். சுவரோரம் கறுத்த முதுகு. மூச்சில் ஏறி இறங்கியது. சங்கிலியை விட்டார். கதவு இறங்கியது. விரலை நீட்டினார்.

"ஹத்சு, ஒண்ணு, சரி!"

அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"பூட்டு, சரி!" வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. முற்றத்தைக் கழுவ, கை வெளிக் கதவைத் திறந்தது. கால் முற்றத்துக்குள் நான்கு எட்டு வைத்தது. அதற்கப்புறம்தான் மண்டையில் உறைத்தது... காட்டுக் கரடி அந்தப் பெயருக்குத் திரும்பாது.

அந்தக் கரடி முற்றத்து மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றது. முற்றத்தை விட்டு அது நகரவே இல்லை.

"அப்போ உள்ளே இருந்தது?" என்று கேட்டான் தகுமா.

உள்ளறையைத் திறந்து பார்த்தார்களே! வைக்கோல் கலையவில்லை, ஆப்பிள் அப்படியே கிடந்தது. கேமராவிலும் பதிவு இருக்கிறது. காலி அறையைப் பார்த்து விரல் நீட்டி, சரி சரி என்று சொல்கிற மனுஷன். என்னைக் கேட்டால் நான் ஹத்சு பக்கம்தான். அவர் பிழைத்தார். தாடையும் நாக்கும் போய்விட்டன. நாக்கு. அதை மட்டும் குறி பார்த்து எடுத்த மாதிரி இருந்தது என்று மருத்துவர் சிசூருவிடம் சொன்னாராம்.

மனுஷனைத் தாக்கிய கரடியை விட மாட்டார்கள். அரை மணி நேரத்தில் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். அந்தக் காட்டுக் கரடி என்ன பாவம் செய்தது? இரண்டு குண்டு.

மறுநாள் வாசல் பலகையில் செய்தி. 'ஹத்சு, பத்தொன்பது வயது, காலமானாள்.' கரடி வீட்டுக்கு முன்னால் படம், மேசை நிறையப் பூ, பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். மிசாவா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊர் முன்னால் அவள் பெயரைச் சொல்லி, கண்ணீர் விட்டு, ஊதுபத்தி ஏற்றினார். என்ன கேட்டாளோ அது அத்தனையும் கிடைத்துவிட்டது அவளுக்கு. அன்றோடு நக்குகிற சத்தம் நின்றது, வாடையும் போயிற்று.

இவாவோ இடத்துக்கு மாயுமி என்று ஒரு பெண் வந்தாள். காலி அறையானாலும் எண்ணித்தான் ஆக வேண்டும். தினமும் விரல் நீட்டி, "கரடி, இல்லை, சரி!" என்பாள். பத்தாவது நாள், அவள் 'இல்லை' என்று சொன்ன மாத்திரத்தில் இரும்புக் கதவில் உள்ளேயிருந்து ஓர் இடி விழுந்தது. தொம்! முழுப் பாரத்தோடு. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் கதவின் கீல் வளைந்துவிட்டது.

நடந்ததெல்லாம் சிசூரு சொல்லித்தான் மாயுமிக்குத் தெரிய வந்தது. ஊதுபத்திக் கட்டோடு ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாள். இவாவோ படுக்கைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு அழுதாள்.

"மன்னிப்புக் கேக்கறேன் ஐயா, பூஜை வைக்கறேன், என்ன வேணா செய்யறேன். சுட்டுக் கொன்ன அந்தக் காட்டுக் கரடியோட பேரை மட்டும் சொல்லுங்க!"

இவாவோ காகிதத்தை இழுத்து எழுதினார்.

'பேர் வைக்கவே இல்லையே, அம்மா.'