மூன்று பாடம் போதும்

கல்லூரிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, மேடம். முத்துச்செல்விக்கும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் தப்பு வந்துவிடுமோ என்று இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'உடல்நலக் குறைவு காரணமாக இப்பருவத்தில் ஆறு பாடங்களுக்குப் பதிலாக மூன்று பாடங்கள் மட்டும் படிக்க அனுமதி வேண்டுகிறேன்.' உங்கள் மேசையில் இருப்பது என் கையெழுத்துதான். கடைசியில் உள்ள கையொப்பம் மட்டும் அவளுடையது.

என் பெயர் பூமாரி. வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். வடக்குப்பட்டில் டில்லிபாபு அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். அந்த அறையில் என்னோடு தங்கிப் போன பெண்கள் பதினொரு பேர். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு ஓசூரில் வேலை, ஒருத்தி அம்மாவுக்கு முடியவில்லை என்று போனாள். போகும்போது எல்லாரும் அழுவார்கள். ஒரு மாதம் போன் செய்வார்கள். அப்புறம் பொங்கலுக்கு ஒரு படம் அனுப்புவார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

முத்துச்செல்வி படப்பை தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தாள். விடுதியில் இடம் கிடைக்காமல், தெரிந்தவர் மூலமாக என் அறைக்கு வந்தாள். ஊர் விளாத்திகுளம். அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறார். வந்த அன்றே என்னை "யக்கா" என்று கூப்பிட்டாள். பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டே சமைப்பேன். ஷிஃப்ட் முடிந்து நான் வரும்போது மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடம், எனக்காக ஒருத்தி சாப்பிடாமல் காத்திருந்தாள்.

நாலாம் வருடம் தொடங்கியதும் புனேயில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தது. படிப்பு முடிந்த கையோடு ஜூலையில் சேர வேண்டும். ஜிலேபி வாங்கி வந்தாள். ஒன்றைப் பிட்டு என் வாயில் ஊட்டிவிட்டு, "யக்கா, நீ அங்க வந்து என்கூட பத்து நாள் இருக்கணும்" என்றாள்.

பத்து நாள் என்றுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் கல்லூரிப் பேருந்தில் அவளுக்கு முதல் மயக்கம் வந்தது. பிறகு ஆய்வகத்தில் இரண்டு முறை. கை சில்லிட்டுப் போகும், கண் இருட்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். பிரஷர் இறங்குகிறது, சாப்பாடு போதவில்லை, படிப்புச் சுமை அதிகம் என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். இதற்குமேலும் வந்தால் சென்னைக்குக் கொண்டுபோய் ரத்தத்தை முழுசாகச் சோதித்துவிட வேண்டும் என்றார்.

அவளுடைய துறைத் தலைவர் வனமாமலை சார் நல்ல மனிதர். என்னையும் உட்காரச் சொன்னார்.

"ஆறையும் இழுத்துப் போட்டுக்கிட்டு ஏம்மா கஷ்டப்படுற? மூணு இப்ப எழுது. மிச்சத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம். டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தா ரூல்ல இடம் இருக்கு."

"புனே வேலை போயிருமே சார்."

"உடம்புதான் முக்கியம் செல்வி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

திரும்பும் வழியில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் தோளில் கை போட்டபடி வந்தேன். அடுத்த வருடமும் இருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு மூச்சு இலேசாக வந்தது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் ஏழு வாரம் அவளுக்கு ஒரு மயக்கமும் வரவில்லை. பாடத்தைக் குறைத்ததால் குணமாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படியில்லை. நான் நிறுத்தியிருந்தேன்.

எனக்கு நாலு வருடமாக பிரஷர் உண்டு. அதற்குச் சாப்பிடும் மாத்திரையைத்தான் பொடித்து அவளுடைய காலைக் கஞ்சியில் கலந்தேன். விஷம் கேட்டு நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. அவளுக்குக் கொடுத்த நாட்களில் எனக்கு மாத்திரை இருக்காது. தலை விண்விண்ணென்று தெறிக்கும். அவளுக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அந்த ஏழு வாரத்தில் அவள் முகம் தெளிந்துவிட்டது. வனமாமலை சார் கூப்பிட்டு, விட்ட மூன்று பாடங்களையும் இந்தப் பருவத்திலேயே எழுதிவிடலாம், உடம்பு சரியாகிவிட்டது என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றாராம். அன்று படியேறி ஓடிவந்தாள்.

"யக்கா, நீயே எழுதிக் குடு. ஒன் கையால எழுதுனாத்தான் உடனே கெடைக்குது."

எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வழக்கத்தைவிட நிறையவே கலந்தேன். குடித்துவிட்டு, தலை சீவி, கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு படி இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தூக்கிவந்து படுக்கவைத்தேன். சத்தம் கேட்டு டில்லிபாபு அண்ணன் மேலே வந்தார்.

"இன்னாம்மா, பொண்ணுக்குக் கண்ணு சொருவிகினு கீது. நூத்தியெட்டுக்குப் போன் போடட்டா?"

"வேண்டாண்ணே. எப்பவும் வர்றதுதான். தண்ணி குடிச்சாச் சரியாயிரும்."

"ஒதடெல்லாம் நீலமா கீதே."

"நான் பாத்துக்கிறேன்ணே."

அவர் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு இறங்கிப் போனார். அவர்மேல் தப்பு இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் என்னை விட்டுப் போய்விடுவாள். இவ்வளவுதான் யோசித்தேன். கதவைச் சாத்திவிட்டு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது மணி எட்டேகால். போனை எடுத்தது ஒரே ஒரு தடவை, சூப்பர்வைசரிடம் லீவு சொல்வதற்காக.

ஒன்பதரை மணி வாக்கில் ஒருமுறை கண் திறந்தாள். என் துப்பட்டாவை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "யக்கா, எங்கயும் போயிராத" என்றாள். நான் அசையவில்லை. பத்தே முக்காலுக்கு மூச்சு நின்றது. விரல்களிலிருந்து துப்பட்டாவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை; உங்கள் ஆட்கள் வந்துதான் எடுத்தார்கள்.

மாத்திரை கலந்தது நான். ஆம்புலன்சைத் தடுத்ததும் நான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைப் போகவிடாமல் பிடித்துவைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். போகாதே என்று கேட்டது அவள்தான். நான் யாரிடமும் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.