திருட்டுப் போன எந்திர உட்பாகங்கள் குறித்து செண்பகம் சொன்னது

1949 பிப்ரவரி 23, புதன்கிழமை, காலை பத்து மணிக்குத் தூத்துக்குடியில், காவல் நிலைய ரைட்டர் ஏசுவடியான் எழுதிக்கொள்ள நான் சொல்லியது:

என் பெயர் செண்பகம். வயது பதினாறு. தகப்பனார் பெயர் இசக்கியப்பன். கொழும்பில் கடையில் வேலை பார்க்கிறார். தாயார் பெயர் சீனித்தாய், கருப்பட்டி வியாபாரம். பூர்வீகம் ஏரல். இப்போது தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டிக்குப் பின்புறம் உள்ள வளவில் மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுந்து நின்று சத்தமாகப் பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதனால் நின்றுவிட்டேன்.

நான் இதற்கு முன் காவல் நிலையத்துக்கு வந்ததில்லை. அந்நிய ஆண்களிடம் பேசிப் பழக்கம் இல்லாதபடியால் முதல் அரை மணி நேரம் நான் தாயாரின் காதில் சொல்ல, அவர்கள் எடுத்துச் சொல்ல, ரைட்டர் எழுதினார். தாயார் தம்முடைய கருத்தையும் இடையிடையே சேர்த்துச் சொன்னதால் அவ்வளவையும் அடித்துவிட்டு என்னையே சொல்லச் சொன்னார். அதன் பிறகு நானே சொல்கிறேன்.

துறைமுகச் சாலையில் காப்பி கிளப் வைத்திருக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சியிடம் நான் வேலை பார்க்கிறேன். அவருடைய கிளப்பில் எடை பார்க்கும் எந்திரம் ஒன்று உண்டு. சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவரின் சாமான்களை ஏலம் விட்டபோது அதை அவர் எடுத்தார். அது ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மரப்பெட்டி. முன்னால் ஏறி நிற்க மேடை, அதற்கு மேல் காசு போடத் துவாரம், பின்னால் கதவு. மேடையில் ஏறிக் காசு போட்டால் எடை அச்சான அட்டை ஒன்று வெளியே விழும். ‘தானாக நிறுத்துச் சொல்லும் எந்திரம். மனிதக் கை படாதது’ என்று அண்ணாச்சி போர்டு எழுதி மேலே மாட்டியிருந்தார்.

சென்ற வருஷம் சித்திரையில் அந்த எந்திரத்தில் வெற்று அட்டை அடுக்குவதற்காக என்னை வேலைக்கு வைத்தார். பெட்டிக்குப் பின்னால் நின்று, ஏறுகிறவர்களையும் விழுகிற அட்டைகளையும் ஏழு மாதம் பார்த்துக்கொண்டிருந்ததில், ஆளைப் பார்த்த உடனேயே எத்தனை ராத்தல் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. தீபாவளி கழிந்து எந்திரத்தின் சுருள்வில் அறுந்துவிட்டது. மாற்றுச் சாமான் சென்னையிலும் கிடைக்கவில்லை. அதன் பிறகு அண்ணாச்சி என்னிடம், “ஏளா செண்பகம், ரெண்டு நாளைக்கு நீ உள்ள இரி தாயி, சாமான் வந்திரும்” என்றார். மூன்று மாதத்துக்கு மேல் இருந்தேன்.

கெட்டுப்போன சாமான்களை எடுத்துவிட்டு உள்ளே ஒரு முக்காலி போட்டார்கள். மேடையில் ஆள் ஏறினால் உள்ளே ஒரு கம்பி கீழே இறங்கும். அந்தக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, துவாரம் வழியாக ஆளையும் பார்த்து, ரப்பர் முத்திரையால் அட்டையில் எண்ணைக் குத்தி வெளியே தள்ளுவேன். இரண்டு ராத்தலுக்கு மேல் பிசகாது. இதில் யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ரைட்டர் கேட்டார். இல்லை. யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் இருந்துகொண்டு எல்லோரையும் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

வேண்டுமென்று எடையை மாற்றியது உண்டா என்று கேட்டார். உண்டு. நோயில் கிடந்து எழுந்த ஒரு பிள்ளையை அதன் தாயார் வாரம் ஒருமுறை கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கு வாரம் அரை ராத்தல் கூட்டிப் போட்டேன். இப்போது அது நிஜமாகவே கூடிவிட்டபடியால் நிறுத்திவிட்டேன். வேறு யாருக்கும் கூட்டவில்லை. யாருக்கும் குறைக்கவும் இல்லை. வக்கீல் குமாஸ்தா ஒருவர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று முறை ஏறினார். மூன்று முறையும் ஒரே எண்தான் குத்தினேன்.

இந்த மாதம் 21ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு தராசு, படிக்கல் சோதிக்கிற முத்திரை இன்ஸ்பெக்டர் தேவபிரசாதம் கிளப்புக்கு வந்தார். தானாக இயங்கும் எந்திரங்களுக்கு அரசாங்கம் புது விதி போட்டிருக்கிறதென்றும், எல்லாவற்றையும் சோதித்து முத்திரை வைக்க வேண்டுமென்றும் சொன்னார். அப்போது நான் உள்ளே இருந்தேன். வெளியே வர நேரமில்லை.

அண்ணாச்சியிடம் அவர், “உள்ளே என்ன மெக்கானிசம்?” என்றார்.

“ஸ்பிரிங்கு, கம்பி, எல்லாம் சீமைச் சாமான் சார். தொட்டாக் கோவிச்சுக்கிடும்” என்று அண்ணாச்சி சொன்னார்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐம்பத்தாறு ராத்தல் படிக்கல்லை மேடையில் வைத்தார். அதில் எண் போட்டிருந்தது. ஆகவே ஐம்பத்தாறு என்று குத்தினேன். அதன் மேல் இன்னொன்று வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு என்று குத்தினேன். அதன் பிறகு தாமே ஏறினார். நூற்று நாற்பத்தொன்று என்று குத்தினேன். திருநெல்வேலியில் நூற்று முப்பத்தெட்டு இருந்ததாகச் சொல்லி, பூட்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். நூற்று முப்பத்தெட்டு என்று குத்தினேன். அவர் சந்தோஷப்பட்டு, “இந்த ஜில்லாவிலே இவ்வளவு ஒழுங்கான மெஷினை நான் பார்த்ததில்லை, ஓய்” என்றார்.

சோதித்து முடிந்த எந்திரத்துக்குள் மனிதக் கை போகாதிருப்பதுதான் இந்த விதியின் நோக்கம் என்று விளக்கினார். அப்படிச் சொல்லிக்கொண்டே பின்கதவின் கொண்டியில் கம்பி கோத்து, அதில் ஈயத்தை வைத்து நசுக்கி, அரசாங்க முத்திரை வைத்தார். இனி தம்மைத் தவிர வேறு யார் அதை உடைத்தாலும் ஆறு மாதம் சிறை என்று சொன்னார். நான் உள்ளே இருந்தேன்.

அப்போதே ஏன் சத்தம் போடவில்லை என்று ரைட்டர் கேட்டார். சத்தம் போட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் உடனே போய்விடுவார் என்று அண்ணாச்சி நினைத்தார். ஆனால் அவருக்கு மூன்று மணிக்குத்தான் பஸ். எந்திரத்துக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார். அதன் பிறகு பேப்பர் படித்தார். எந்திரத்தைத் தாமே சோதித்ததாக வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதால் வழக்கத்தைவிட அதிகம் பேர் ஏறினார்கள். எல்லோருக்கும் எண் குத்தினேன். நடுவில் அண்ணாச்சி பெட்டியோடு ஒட்டி நின்று, “கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி” என்றார்.

“யாரிடம் பேசுகிறீர்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“மெசினுகிட்டதான் சார். புது முத்திரைலா, பழகணும்.”

ஒரு மணிக்கு எனக்கு மயக்கம் வருவதுபோல் இருந்தது. துவாரத்தின் வழியாக விரலை நீட்டிக் காட்டினேன். அண்ணாச்சி எந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற மூக்குக் குப்பி ஒன்றைக் கழுவி, அதில் மோரை நிரப்பிக் கொண்டுவந்து, அதன் மூக்கைத் துவாரத்தில் விட்டு ஊற்றினார். நான் வாயை வைத்துக் குடித்தேன். எண்ணெய் வெள்ளையாக இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, சீமை எண்ணெய் அப்படித்தான் இருக்கும் என்று அண்ணாச்சி சொன்னார். நான்கு குப்பி குடித்தேன்.

அதன் பிறகு, இரண்டரை மணிக்கு, நான் வெளியே போக வேண்டி வந்தது. காரணத்தை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டதன் பேரில் ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்று ரைட்டர் எழுதியிருக்கிறார். முக்காலியில் உட்கார்ந்தபடியே முதுகை முன்பலகையில் அண்டக் கொடுத்து, இரண்டு காலாலும் கதவை உதைத்தேன். மூன்றாவது உதையில் கம்பி அறுந்து முத்திரை தெறித்தது. பெட்டியின் பின்புறம் அடுக்களை வழி. அதன் வழியாக ஓடிவிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது, முத்திரை உடைந்து கிடந்தது என்றும், பெட்டிக்குள் ஒரு முக்காலியும் ரப்பர் முத்திரைகளும் தவிர ஒன்றும் இல்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அரை மணி முன்பு வரை வேலை செய்த எந்திரத்தின் உட்பாகங்கள் முழுவதும் திருட்டுப் போய்விட்டதாக அவர் புகார் எழுதிக் கொடுத்தார். என் பெயர் வெளியே வரக் கூடாது என்பதற்காக அண்ணாச்சி, தாமே முத்திரையை உடைத்ததாகவும், பாகங்களைத் தூக்கிக் கடலில் போட்டதாகவும் சொல்லிவிட்டார். அவரை லாக்கப்பில் வைத்தார்கள். மறுநாள் காலை, சங்கு குளிக்கிற ஆட்கள் இருவரைத் துறைமுகப் பாலத்தடியில் இறக்கித் தேடினார்கள். ஒரு நங்கூரத் துண்டும் பித்தளைச் செம்பும் கிடைத்தன. அந்த இரண்டையும் எந்திர பாகங்களா என்று இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கேட்டதாகச் சொன்னார்கள்.

நேற்று மாலை அண்ணாச்சியின் மனைவி முப்பிடாதி அக்கா லாக்கப்புக்குச் சோறு கொண்டுபோகிற வழியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு நான் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை இங்கே வந்து, தேடுகிற உட்பாகங்கள் நான்தான் என்று சொன்னேன். ரைட்டர் நம்பவில்லை. நிறுத்துப் பார்த்த எடைகளைக் கேட்டதில், இன்ஸ்பெக்டரின் எடையைப் பூட்ஸோடும் பூட்ஸ் இல்லாமலும் சொன்னேன். அவரை வரவழைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, சப் இன்ஸ்பெக்டரிடம் தனியாகப் பேசினார். அதன் பிறகு என்னிடம் தணிந்த குரலில், முத்திரை வைக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் விதிப்படி எந்திரத்தின் உட்பாகம்தான் என்றும், உட்பாகம் தானே பழுதாகி முத்திரை அறுந்தால் யார் மேலும் குற்றமில்லை என்றும், அப்படி எழுதி ரேகை வைத்துவிட்டால் அண்ணாச்சி இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

“எம்மவ மெசினா? பெத்தவ எனக்குத் தெரியாதா வே?” என்று தாயார் கேட்டார்கள்.

“பேப்பரிலே மட்டும்தான் அம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணாச்சி லாக்கப்புக்குள்ளிருந்து, “தாயி, அவுக சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ரைட்டர் அந்தப்படி எழுதத் தொடங்கினார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று, பழுதான பாகத்தை அதன் பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். சப் இன்ஸ்பெக்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, பாகத்தைச் சரிபார்த்துப் பழையபடி உள்ளே வைத்து மறுபடி முத்திரையிட வேண்டும் என்று வாசித்தார்.

ஆகவே நான் சம்மதிக்கவில்லை. முத்திரையை உடைத்தது நான். வன்னியபெருமாள் அண்ணாச்சி உடைக்கவில்லை. எதையும் கடலில் போடவில்லை. எந்திரம் பழுதாகவில்லை. இதற்கு உள்ள தண்டனையை என் பெயரில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முத்திரை இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அப்படியானால் இது கோர்ட்டுக்குப் போகும், எந்திரத்தை எப்படிச் சோதித்தீர் என்று நீர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னதன் பேரில், இன்ஸ்பெக்டர் தம்முடைய புகார்க் காகிதத்தைத் திரும்பக் கேட்டார். பெண்பிள்ளை சொல்லி முடிக்கட்டும் என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டு, லாக்கப்பைத் திறக்கச் சாவியைக் கொடுத்தார். அண்ணாச்சி இப்போது வராந்தாவில் நிற்கிறார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மூன்று இடங்களில் என்னை ‘மேற்படி உட்பாகம்’ என்று எழுதியிருந்தது. அவற்றை அடித்து என் பெயரை எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, நடந்ததும் அதுவே. ரேகை வைக்க மையை நீட்டினார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று, எல்லோருக்கும் கேட்கும்படி, சொன்னேன்.

(ஒப்பம்) இ. செண்பகம்