வெறும் வயிற்றோடு வந்திருக்கும் சபைக்கு

தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவர் நகுலேஸ்வரன் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மகளை இழந்து முன்வரிசையில் இருக்கும் தில்லையம்பலம் அண்ணை, அம்பிகை அக்கா, காலைப் பசியோடு வந்திருக்கும் பலேர்மோத் தமிழ் உறவுகளே, எல்லோருக்கும் கஜானனின் வணக்கம்.

கலாநிதி சிவானுஜா தில்லையம்பலம்! இங்கே ஒரேத்தோத் தெருப் பக்கம் வளர்ந்து, இந்த நகரத்திலேயே படித்து, எங்கள் இரத்தத்தை ஆராய வந்த பெண். போன மாதம் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு அவரை ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அவருடைய ஆய்வுக்கு ஆட்களைச் சேர்த்தவன் நான். "நாங்கள் ஒல்லி, எங்களுக்கு என்னத்துக்குச் சோதினை?" என்று என்னை விரட்டியவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அவரை விரட்ட யாரால் முடிந்தது? இத்தாலியச் சிஞ்ஞோராமாரின் வீடுகளில் வீட்டுவேலை முடித்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் அவரே போவார். "அக்கா, வயித்துக்குள்ளை இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கிறேல்லை. அது இரத்தத்துக்குள்ளை புரதங்களை அனுப்புது. அதிலை சிலது கூடினாலோ குறைஞ்சாலோ, சீனி வருத்தம் வர முன்னமே சாடை தெரியும்."

மெலிந்தவருக்கு ஏன் அந்த நீரிழிவு வருத்தம்? பருத்த சிலருக்கு ஏன் இல்லை? தராசு சொல்லாததை இரத்தம் சொல்லும் என்று நம்பினார்.

மூன்று வருடத்துக்கு முன் முதல் சுற்று இரத்தம் எடுத்தது நினைவிருக்கிறதா? வெறும் வயிறு என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள். ஆனால் பலருக்குச் சீனி ஏறிக் கிடந்தது. மார்க்கண்டு அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஓம் பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லை. எழும்பின உடனை பால் தேத்தண்ணி மட்டும். சீனி கொஞ்சம் தூக்கலா."

தேத்தண்ணியைச் சாப்பாட்டில் சேர்க்காத சனமல்லவா நாங்கள்! சிவானுஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பிழை என்ரை. எங்கடை வீட்டிலையும் இதே கதைதானே. நான் எல்லோ கேட்டிருக்க வேணும்." அடுத்த ஞாயிறு இதே மண்டபத்துக்கு எல்லோரையும் திரும்ப அழைத்தார். அம்மாவைக் கொண்டு தேத்தண்ணி வைப்பித்தார். இரத்தம் கொடுத்தவருக்குத்தான் கோப்பை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

இப்போது இரண்டாம் சுற்று. மூன்று வருடத்தில் எந்தப் புரதம் மாறியது, யாருக்கு வருத்தம் வந்தது என்று ஒப்பிட்டால்தான் முதல் சுற்றுக்கே அர்த்தம். நீங்கள் வராவிட்டால், அவர் உழைத்ததெல்லாம் ஆய்வுகூடக் குளிர்ப்பெட்டிக்குள் வீணாகக் கிடக்கும்.

இந்த இரண்டாம் சுற்றை இன்றைக்கே இங்கே நடத்தச் சொன்னவர் யார் தெரியுமா? அம்பிகை அக்கா! "இரங்கல் கூட்டத்திலை ஊசியோ?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னா: "என்ரை பிள்ளையின்ரை வேலை பாதியிலை நிக்கக்கூடாது தம்பி. தேத்தண்ணியை நான் வைக்கிறன்."

அதற்குமேல் நான் என்ன பேசுவது?

சிவானுஜாவோடு வேலை செய்த மொனிகா பக்கத்து அறையில் ஊசியோடும் ஐஸ் பெட்டியோடும் காத்திருக்கிறார். ஆய்வை அவர் முடிப்பார். ஆட்களைச் சேர்ப்பதை நான் விடமாட்டேன். இது இந்தச் சபையின் முன் நான் தரும் வாக்கு. உங்கள் வாக்கை நீங்கள் வாயால் தர வேண்டாம்.

மௌன அஞ்சலிக்கு எழுந்து நில்லுங்கள். முடிந்ததும் யாரும் திரும்பக் கதிரையில் இருக்க வேண்டாம். அப்படியே பக்கத்து அறைக்கு நடவுங்கள். மார்க்கண்டு அண்ணை, நீங்கள் முதலில்.

தேத்தண்ணி பிறகு.