பதிமூன்றாவது காலடி

இப்போதெல்லாம் ஒரே படத்தோடு யாரும் எழுந்து போவதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவன் ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் காட்டச் சொல்கிறான். கண் சின்னதாகத் தெரிகிறதாம், இன்னொன்று எடுக்கணுமாம். கண் சின்னதாக இருந்தால் நான் என்ன செய்வேன்? நாற்பது வருஷம் படம் எடுத்தவனை நம்ப மாட்டார்கள். நேற்று வாங்கிய பெட்டி சொன்னால் நம்புவார்கள்.

என் மாப்பிள்ளையும் அந்தக் கட்சிதான். அவர் வந்தபிறகு ஸ்டுடியோவில் இரண்டு கேமரா, பெரியதும் சின்னதும். ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் என்று ஒரு சில்லு வைத்திருக்கிறார்கள். பெரிய கேமராவில் அது பழைய ஃபிலிம் அளவு, சின்னதில் அதைவிடச் சிறிசு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கேமராவின் குழிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பவன் இல்லை. தூரம் என் காலுக்குத் தெரியும். வரிசையாகப் பதினாலு பேர் என்றால், ஐம்பது எம்.எம். லென்ஸ் போட்டு, பதிமூன்று காலடி பின்னால் போய் அமுக்குவேன். ஒரு கல்யாணத்தில் சின்ன கேமராவில் அப்படித்தான் அமுக்கினேன். ஓரத்து ஆட்கள் விழவே இல்லை, அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்குப் பாதி முகம்தான் விழுந்தது. அடுத்த மாதம் அவர் செத்துப்போனார். இருக்கிற ஒரே படம் என்று வீட்டார் கேட்டு வந்து அழுதார்கள்.

"அம்பதுங்கறது பெரிய கேமராவுலதான் மாமா அம்பது. சின்னதுல அது எழுபத்தஞ்சு மாதிரி. ஒரே ரோட்டைப் பெரிய ஜன்னல்லயும் பாருங்க, சின்ன ஜன்னல்லயும் பாருங்க. சின்னதுல ஓரம் போயிடும்ல? இன்னும் ஏழு காலடி பின்னால போயிருக்கணும்."

"லென்ஸ் மேல அம்பதுன்னு அடிச்சிருக்கான் மாப்ள. அடிச்சவன் முட்டாளா?"

"அவன் முட்டாள் இல்ல மாமா," என்று சிரித்தார். அழ வந்தவர்களும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. "அப்பா, இனிமே நீங்க பாஸ்போர்ட் படம் மட்டும் எடுங்க" என்றாள். அவ்வளவு தன்மையாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் காலடி எண்ணினேன். பதிமூன்றா, இருபதா? எங்கள் இரண்டு பேரில் யாரோ ஒருத்தர் சொல்வது பொய்.

அப்போதுதான் ஒரு பில்டர் வந்தார். கட்டி முடியப்போகிற கட்டிடத்தின் மொட்டைமாடியில் அவரும் ஆட்களும் பதினாலு பேர் ஒரே வரிசையில் நிற்கிற படம் வேண்டுமாம். ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தர் நிற்கக் கூடாதாம். துணைக்கு நான் வருகிறேன் என்றேன். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம்.

முந்தின நாள் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். ஆட்கள் நிற்கிற சுவரிலிருந்து எதிர் ஓரம் வரைக்கும் பதினேழு காலடி. அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை, ஒரு கயிறுதான் கட்டியிருந்தது. திரும்பி வந்ததும் பெரிய கேமராவைத் தூசி எடுக்கக் கொடுத்தேன். கிட்ட நின்றாலே எல்லாரும் விழுகிற அகல லென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் சொன்னது சரியென்றால் அவர் பதிமூன்றில் நின்றுவிடுவார். மிச்சம் நாலு காலடி இருக்கிறது. அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

மறுநாள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, சின்னதும் அம்பதும்தான் இருக்கா?" என்றார். "சரி, பின்னால போய்க்கலாம். எடம் பாத்துச் சொல்லுங்க."

குழியில் கண்ணை வைத்தபடி பின்னால் நடந்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். பன்னிரண்டு, பதிமூன்று. அங்கே நிற்பார் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. பதினாறில் ஒரு படம் அமுக்கினார்.

"ஓரம் வெட்டுது. எடம் இருக்கா மாமா?"

"இருக்கு மாப்ள."

எதிரே பில்டர் கையைத் தூக்கி ஆட்டினார். "கையை இறக்குங்க சார், வரிசை கெடுது" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை பெரிதாக இரண்டு காலடி வைத்தார்.

நாலு மாடி.

ஸ்டேஷனில் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "கயித்தை யாரு அவுத்தது பெரியவரே?"

"நான்தான். காலையில வந்ததும் அவுத்தேன். படத்துல விழுமேன்னு."

"கேமராவுக்குப் பின்னால இருக்கற கயிறு எப்படிப் படத்துல விழும்?"

அவர் அந்தப் பதினாறாவது காலடிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இரண்டு கடைசியிலும் ஆள் பாதி பாதி. "உங்க மாப்பிள்ளை சொன்னது சரியாத்தானே இருக்கு?"

நன்றாகப் பார்த்தேன். "மாடியில ஆளுங்க கொஞ்சம் விலகி நின்னிருப்பாங்க" என்றேன். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடிதான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் மகள் இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அப்பா, எடம் இருக்குன்னு நீங்களா சொன்னீங்க?"

"பதிமூணுலயே நின்னிருக்கணும்மா அவர்" என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரருக்கு முன்னால் நடந்தேன்.